என் புகைப்படத்தைக் கேட்காமல் ஒரு நிறுவனத்தின் தளத்தில் போட்டிருக்கிறார்கள். சட்டப்படி என்ன செய்யலாம்?

முதலில், அந்த நிறுவனத்துக்கு இன்னும் எதுவும் எழுதாதீர்கள். கோபத்தில் ஒரு மெயில் போனால் சத்தமில்லாமல் படத்தை எடுத்துவிடுவார்கள், ஆதாரமும் அதோடு போய்விடும்.

முகவரிப் பட்டையும் தேதியும் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே பக்கத்தை வேபேக் மெஷினிலும் (இணையப் பக்கங்களின் பிரதியைத் தேதியோடு சேமித்து வைக்கும் தளம்) சேமியுங்கள். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை 'எடிட் செய்தது' என்று மறுக்கலாம்; மூன்றாமவரிடம் பதிவானதை மறுப்பது கஷ்டம். அடுத்து, ரைட் கிளிக் செய்து படத்தைத் தனி டேபில் திறந்து முகவரியைப் பாருங்கள். அவர்கள் சர்வர் முகவரி என்றால் நகலெடுத்திருக்கிறார்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் பதிவை எம்பெட் செய்திருந்தால் (அங்கிருந்தே நேரடியாகக் காட்டினால்) கோப்பு அவர்களிடம் இல்லை, வழக்கும் பலவீனமாகலாம். ஆனால் உங்கள் கணக்கைப் பிரைவேட் ஆக்கினாலே அங்கே படம் தெரியாது.

உங்கள் பக்கம் இருக்க வேண்டியது ரா கோப்பு (கேமரா பதிவு செய்த மூல வடிவம்), அல்லது கேமராவிலிருந்து வந்த முழு அளவு ஜேபெக். தளங்கள் பெரும்பாலும் மெட்டாடேட்டாவை (கோப்புக்குள் பதிந்திருக்கும் தகவலை) உருவிவிடுவதால், கேமரா விவரமும் எடுத்த நேரமும் உங்களிடம் உள்ள மூலத்தில்தான் இருக்கும்.

பலர் சறுக்குவது இங்கே: பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருடையது, படத்தில் இருப்பவருடையது அல்ல. பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில் அது படம் எடுத்த கணமே பிறந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை. படத்தில் இருப்பது நீங்கள், எடுத்தது வேறொருவர் என்றால் உங்கள் வழி தனியுரிமைச் சட்டம். அந்தரங்கப் படம் என்றால், அப்படிப்பட்ட படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) தளத்துக்குப் போங்கள். படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது, அதன் ஹாஷ் (படத்திலிருந்து கணக்கிட்ட எண் அடையாளம்) மட்டும்தான் போகும்.

இனி ஒரு முடிவு எடுக்க வேண்டும்: படம் நீங்கினால் போதுமா, பணமும் வேண்டுமா?

நீங்கினால் போதும் என்றால், அந்தத் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிஎம்சிஏ (DMCA) நோட்டீஸ். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான், ஆனாலும் பெரிய ஹோஸ்டுகள் பலவும் அமெரிக்க நிறுவனங்கள் என்பதால் எங்கிருந்தும் பயன்படும். உங்கள் மூலப்படம் எது, மீறல் எந்த முகவரியில், தொடர்பு விவரம், நல்லெண்ண உறுதிமொழி, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். வெறும் முகப்புப் பக்க முகவரியைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தின் முகவரி, படத்தின் முகவரி இரண்டையும் எழுதுங்கள். ஹோஸ்ட் யார் என்று ஹூயிஸில் (தள முகவரியின் பதிவு விவரம் காட்டும் சேவை) தேடும்போது கிளவுட்ஃபிளேர் என்று வந்தால் அது பெரும்பாலும் இடையில் நிற்கும் வாயிற்காவலன்தான். அங்கே புகார் செய்தால் உண்மையான ஹோஸ்டுக்கு அனுப்புவார்கள். உங்கள் பெயரும் விவரமும் எதிராளிக்குப் போகலாம் என்பதையும் மனதில் வையுங்கள். அவர் எதிர் நோட்டீஸ் கொடுத்து, நீங்கள் வழக்குப் போடவில்லை என்றால், 10 முதல் 14 வேலை நாட்களில் படம் திரும்ப வந்துவிடும். இந்தியாவில் 2013 பதிப்புரிமை விதிகளின் 75-ஆவது விதிப்படி, எழுத்துப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் ஹோஸ்ட் படத்தை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு காட்டாவிட்டால் திறந்துவிடலாம்.

பணம் வேண்டுமென்றால் நோட்டீஸுக்கு முன் கட்டணக் கடிதம். எந்தப் படம், எந்தப் பக்கம், எவ்வளவு காலம், உங்கள் வழக்கமான லைசென்ஸ் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்பவை போதும். முன்பு யாருக்காவது படம் விற்ற பில் இருந்தால் இணையுங்கள், தொகைக்கு அதுதான் அடித்தளம். 'பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். பல நாடுகளில் அதுவே மிரட்டிப் பணம் பறித்ததாகிவிடும்.

எதிராளி அமெரிக்காவில் இருந்தால் கணக்கு வேறு. மீறலுக்கு முன்போ, படம் வெளியான 3 மாதத்துக்குள்ளோ அங்கே பதிவு செய்திருந்தால், ஒரு படத்துக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததானால் 1,50,000 வரை கேட்கலாம். இல்லையென்றால் உண்மையான நஷ்டமும் அவர்கள் பார்த்த லாபமும்தான். வாட்டர்மார்க்கை வெட்டியிருந்தால் அது தனிக் குற்றச்சாட்டு, அதனால் வெட்டிய படத்தையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் அனுப்பும் முன், அந்தப் படத்தை எப்போதாவது கிரியேட்டிவ் காமன்ஸ் (நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும்) உரிமத்தில் ஏற்றினீர்களா என்று பாருங்கள். ஏற்றியிருந்தால் திரும்பப் பெற முடியாது. பெயர் போடாததுதான் அவர்கள் தவறு என்றால், அந்த உரிமத்தின் 4.0 பதிப்பில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் அவர்களுக்கு உரிமம் மீண்டும் கிடைத்துவிடும்.