நான்கிலும் பெயர் கொடுத்துவிட்டேன், எதை விடுவது?

கேள்வி: சட்டப் படிப்பில் முதல் வருஷம். எங்கள் வீட்டில் யாரும் வக்கீல் கிடையாது. சேர்ந்த வாரமே மூட் கோர்ட் (கற்பனை வழக்கில் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி), கல்லூரியின் ஆய்விதழ், இலவச சட்ட உதவி மையம், சான்றிதழ் படிப்பு என்று வரிசையாக அறிவிப்புகள். எல்லாரும் பெயர் கொடுக்கிறார்களே என்று நானும் நான்கிலும் கொடுத்துவிட்டேன். இப்போது பாடம் படிக்கவே நேரம் இல்லை. சீனியர்களின் நோட்ஸை வைத்து ஓட்டுகிறேன். உண்மையைச் சொன்னால், ஒரு தீர்ப்பைக்கூட முழுதாகப் படித்ததில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? (பெயர் வேண்டாம்)

பதில்: ஒரு தீர்ப்பைக்கூட முழுதாகப் படித்ததில்லை என்பதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் பிரச்சினையாகத் தெரிகிறது. மூட், ஆய்விதழ், உதவி மையம் மூன்றுமே தீர்ப்பைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கானவை. அதைச் சரிசெய்யாமல் மற்றதில் ஓடினால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன். உங்கள் சீனியர் நோட்ஸில் ஐந்து வரியில் இருக்கும். 1928-ல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், மே டோனஹ்யூ என்ற பெண் தோழி வாங்கிக்கொடுத்த ஜிஞ்சர் பீரைக் குடிக்கிறார். உள்ளே இருப்பது தெரியாத கண்ணாடிப் புட்டி. மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவர் புகார். காசு கொடுத்தது தோழி என்பதால் ஒப்பந்தம் என்று சொல்லி டோனஹ்யூ யாரையும் கேட்க முடியாது. ஆகவே தயாரித்தவர் மேலேயே வழக்கு. 1932-ல் பிரபுக்கள் சபை, அதாவது அன்றைக்கு பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியவருக்கு மட்டுமல்ல, குடிப்பவருக்கும் தீங்கு வராமல் கவனமாக இருக்கத் தயாரிப்பாளர் கடமைப்பட்டவர் என்றது. நோட்ஸ் இத்தோடு முடிந்துவிடும்.

இப்போது அசல் தீர்ப்பைத் திறங்கள். முதலில் வருவது நீதிபதிகளில் ஒருவரான பக்மாஸ்டர் பிரபுவின் உரை. பக்கம் பக்கமாகப் படித்தால், டோனஹ்யூவின் மேல்முறையீடு தள்ளுபடி ஆகவேண்டும் என்று முடிக்கிறார்! ஐந்து நீதிபதிகளில் பெரும்பான்மையோடு மாறுபட்ட இருவரில் ஒருவர் அவர். பெரும்பான்மைப் பக்கம் நின்ற, நாம் மேற்கோள் காட்டும் அட்கின் பிரபு அதற்கு அப்புறம்தான் வருகிறார். முதல் பத்துப் பக்கத்தோடு மூடி வைத்தவர் வழக்கைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு போவார். இன்னொன்று, புட்டியில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. நடந்ததாக வைத்துக்கொண்டால் சட்டம் என்ன சொல்லும் என்பதை மட்டும் சபை முடிவு செய்தது. பிறகு வழக்கு சமரசமாகிவிட்டது.

நான் முதன்முதலாக மூட்டில் பேசியபோது இதே பள்ளத்தில் விழுந்தேன், வேறொரு வழக்கில். நோட்ஸிலிருந்து ஒரு வரியை எடுத்து கம்பீரமாக வாசித்தேன். “இது யார் சொன்னது?” என்றார் நடுவர். “நீதிமன்றம்” என்றேன். “எந்த நீதிபதி?” கையில் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது மாறுபட்ட நீதிபதியின் வரி என்பதை அவரே சொன்னார், சிரிக்காமல். சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதனால் வாரம் ஒரு தீர்ப்பு. என்ன நடந்தது, நீதிமன்றத்தின் முன்னால் இருந்த கேள்வி எது, ஒவ்வொரு நீதிபதியும் என்ன பதில் சொன்னார், ஏன் சொன்னார் என்பதை ஒரே பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். முதல் தீர்ப்புக்கு இரண்டு நாள் ஆகும். பரவாயில்லை.

அடுத்து லைப்ரரி. நூலகரைப் புத்தகம் எடுத்துத் தருபவர் என்று நினைக்காதீர்கள். “இந்தத் தீர்ப்பைப் பிறகு வந்த தீர்ப்பு எதாவது மாற்றியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?” என்று கேளுங்கள். அரை மணி நேரம் உட்கார வைத்துக் காட்டுவார். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள். தீர்ப்புத் தேடும் டேட்டாபேஸ்களுக்குக் கல்லூரிதான் சந்தா கட்டுகிறது. படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு பெரும்பாலும் போய்விடும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடி போதுமே என்பீர்களா? 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அது கொடுத்த, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி, 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

நான்கில் நான் வைத்துக்கொள்ளச் சொல்வது சட்ட உதவி மையம். டோனஹ்யூவிடம் வழக்கு நடத்தப் பணம் இல்லை. பிரபுக்கள் சபையில் ஏழை வழக்காளி என்று அனுமதி வாங்கித்தான் நடத்தினார். அவருடைய வக்கீல், ஜிஞ்சர் பீரில் எலி கிடந்ததாகச் சொன்ன இன்னொரு வழக்கில் 1929-ல் தோற்ற சில வாரங்களிலேயே இந்த நத்தை வழக்கைத் தாக்கல் செய்தவர். டோனஹ்யூவைப் போன்ற ஆட்கள்தான் மையத்தின் நாற்காலியில் வந்து உட்காருவார்கள். நோட்ஸில் இருக்கிற மாதிரி வரிசையாகச் சொல்லமாட்டார்கள். வீட்டை காலி செய்யச் சொல்கிறார்கள் என்று அரை மணி நேரம் அண்ணன் தம்பி சண்டையைச் சொல்லிவிட்டு, கிளம்பும்போது பையின் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு நோட்டீஸை எடுப்பார்கள். பதில் கொடுக்கக் கெடு நாளை மறுநாள். தேதியை முதலில் கேட்கவேண்டும் என்பது அன்றைக்குப் புரியும். ஆலோசனை மட்டும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், அது மேற்பார்வை வக்கீலின் வேலை. கேட்டதை விடுதி அறையில் கதையாகவும் பேசக்கூடாது.

சான்றிதழ் படிப்பைத் தயங்காமல் விடுங்கள். ஆய்விதழ் அடுத்த வருஷம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் கொடுப்பது அடிக்குறிப்பு சரிபார்க்கும் வேலை, டேட்டாபேஸ் பழகியபின் போனால் சுலபம்.

மூட்டிலிருந்து விலகுவதாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அணி பிரித்தபின் விலகினால் கூட இருக்கும் இருவரின் தலையில் வேலை விழும். சொல்லும்போதே, பேசுகிறவர்களுக்கு நேரம் பார்க்க ஆள் வேண்டுமா என்றும் கேளுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லா அணியும் பேசுவதைக் கேட்கலாம். அந்த வேலைக்கு யாரும் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள்.