வலிக்குளிசை போட்டதும் பிரஷர் ஏன் ஏறுகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ஹட்டன் பக்கம் இருக்கிறோம். கிளினிக்கில் பிரஷருக்கு லொசார்டன், நீர்க்குளிசை (ஹைட்ரோகுளோரோதயசைட்), அஸ்பிரின் 75 மி.கி. கொடுக்கிறார்கள். முழங்கால் வலிக்கு டவுன் பாமசியில் வாங்கிய டைக்ளோஃபெனாக் 50 மி.கி. குளிசையை மூன்று கிழமையாகக் காலையும் மாலையும் போடுகிறார். வலி குறைந்தது. ஆனால் கால் வீங்கிவிட்டது, பிரஷர் 170/100. பிரஷர் குளிசையை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியது பெரும்பாலும் வலிக்குளிசையைத்தான். டைக்ளோஃபெனாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. கிளினிக் குளிசைகளை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருளை டைக்ளோஃபெனாக் தடுக்கிறது. வலி அடங்குவது அதனால்தான். ஆனால் சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயை விரித்து வைப்பதும் அதே பொருள். அது குறைந்தால் குழாய் சுருங்கி, உப்பும் நீரும் உடம்பில் தங்கும். கால் வீங்கும், பிரஷர் ஏறும். லொசார்டன் சிறுநீரகத்திலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, நீர்க்குளிசை உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தமே சிறுநீரகத்துக்குக் கிடைக்காது. வயதானவர்களுக்கு இது வலி எதுவும் காட்டாமலே நடக்கும். அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் ஓரிரு நாளில் சீரம் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், இரத்த எண்ணிக்கை மூன்றையும் பார்த்துவிடுங்கள். இடையில் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால், லொசார்டனையும் நீர்க்குளிசையையும் அன்றைக்குக் கொடுப்பதா என்று வைத்தியரிடம் உடனே கேளுங்கள்.

அடுத்தது வயிறு. டைக்ளோஃபெனாக் அஸ்பிரினோடு சேரும்போது இரைப்பைப் புண்ணில் இரத்தம் கசியும் ஆபத்து கூடும். சாப்பிட்ட பிறகு போட்டால் போதும், ஊசியாக ஏற்றினால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்ற இரண்டு நம்பிக்கையும் தவறு. மருந்து இரத்தத்தில் கலந்துதான் இரைப்பைச் சுவரின் பாதுகாப்பைக் குலைக்கிறது. எந்த வழியில் போனாலும் அதுதான். தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குதல், சிறுநீர் நன்றாகக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990-க்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். (இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும்; அம்மா அதையும் எடுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.)

வலிக்கு என்ன செய்வது? பரசிட்டமோல் 500 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. 50 கிலோவுக்குக் குறைவானவர் என்றால் நாளுக்கு நான்கைத் தாண்ட வேண்டாம். தடிமனுக்கு வாங்கும் குளிசையிலும் பரசிட்டமோல் இருக்கலாம், அதையும் கணக்கில் சேருங்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு இது அவ்வளவு வலுவான மருந்தல்ல என்பதும் உண்மை. சிறுநீரக முடிவு நன்றாக இருந்தால், வைத்தியரைக் கேட்டு டைக்ளோஃபெனாக் ஜெல்லை முழங்காலில் பூசலாம்; குளிசையை விட மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேரும். பூசிய இடத்தில் குளிருக்காக வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்குவது, ஒரு காலுக்கு 10 தடவை, காலை மாலை. பலருக்கும் குளிசையை விட இதுவே நின்று பலன் தரும், ஆனால் சில கிழமை விடாமல் செய்ய வேண்டும். ஊன்றுகோலை வலிக்காத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். லயத்துப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

காய்ச்சல் வந்தாலும் பரசிட்டமோல் மட்டும்தான். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், மெஃபெனாமிக் அசிட் என்ற வலிக்குளிசைகள் எல்லாமே இரத்தக் கசிவைக் கூட்டும். இந்த மூன்று பெயரையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ‘கொடுக்கக் கூடாதவை’ என்று எழுதி வாங்கி, பாமசிக்குப் போகும்போது கொப்பியைக் காட்டுங்கள்.