ருகோவா எங்கே சறுக்கினார்?

கேள்வி: கொசோவோவின் இப்ராகிம் ருகோவாவை ‘பால்கன் காந்தி’ என்று புகழ்கிறார்கள். பத்து வருடம் அமைதி, அமைதி என்று உட்கார்ந்திருந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. துப்பாக்கி எடுத்தவர்கள் இரண்டே வருடத்தில் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அகிம்சை வேலைக்காகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதில்: ‘உட்கார்ந்திருந்தார்’ என்ற ஒரே சொல்லில் பாதி சரித்திரத்தை விழுங்கிவிட்டீர்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றியது நீங்கள். குறுக்கு விசாரணையை நான் செய்கிறேன்.

ருகோவா பிறந்தது 1944 டிசம்பர் 2. அடுத்த மாதமே அவருடைய அப்பாவையும் தாத்தாவையும் யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்டுகள் கொன்றுவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை வளர்ந்து துப்பாக்கியைத் தேடிப் போயிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் தேடிப் போனது இலக்கிய விமர்சனத்தை. 1976-77இல் பாரிஸில் பிரெஞ்சு இலக்கிய விமர்சகர் ரோலாண் பார்த்திடம் படித்தார். 1988இல் கொசோவோ எழுத்தாளர் சங்கத் தலைவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு துண்டு, விரலிடுக்கில் சிகரெட், பார்க்க வருபவர்களுக்குக் கொசோவோ மண்ணில் கிடைத்த தாதுக்கல் ஒன்று பரிசு. கூட்டத்தைக் கிளப்பிவிடும் தலைவருக்கான லட்சணம் ஒன்றுகூடக் கிடையாது.

கொசோவோ அப்போது யூகோஸ்லாவியாவின் செர்பியக் குடியரசுக்குள் சுயாட்சி பெற்ற மாகாணம்; மக்களில் பெரும்பாலோர் அல்பேனியர்கள். அந்தச் சுயாட்சியை செர்பியா பறிக்க முனைந்த 1989தான் இவரை அரசியலுக்கு இழுத்தது. பிப்ரவரியில் திரெப்சா சுரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் பூமிக்கடியிலேயே எட்டு நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பலனில்லை. மார்ச் 23 அன்று, வெளியே டாங்கிகள் நிற்க, கொசோவோ சட்டசபை தன் சுயாட்சியைத் தானே கைகழுவியது. டிசம்பரில் கொசோவோ ஜனநாயக லீக் தொடங்கப்பட்டது; ருகோவா தலைவரானார். அடுத்த சில வருடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்கள் வேலையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள்.

இதற்கு அந்த மக்கள் செய்த முதல் காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் தங்கள் பழிக்குப் பழியை நிறுத்தினார்கள். கொலைக்குக் கொலை என்று தலைமுறை தலைமுறையாக நீண்ட குடும்பப் பகை அங்கே வழக்கம். பழி தீர்க்கப்பட வேண்டிய வீட்டு ஆண்கள் வருடக்கணக்கில் வாசல் தாண்டாமல் அடைந்து கிடப்பார்கள். இப்படி உள்ளுக்குள் வெட்டிக்கொள்ளும் சமூகத்தால் ஊர்வலம்கூட ஒழுங்காகப் போக முடியாது. 1990 தொடக்கத்தில் மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள். நாட்டுப்புறவியல் பேராசிரியர் அந்தோன் செத்தா தலைமை ஏற்றார். பறிகொடுத்த குடும்பம் ஊரறிய எழுந்து, ‘மக்களின் பெயரால், இளைஞர்களின் பெயரால், கொடியின் பெயரால்’ மன்னித்ததாகச் சொல்லிக் கை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் நீட்டுகிற கைக்கு எவ்வளவு கனம் என்று நினைத்துப் பாருங்கள். மே 1 அன்று வெர்ரா எ லூக்கெஸ் என்ற இடத்தில் லட்சக்கணக்கானோர் கூடி இதைச் செய்தார்கள். தீர்ந்த பகைகள் ஏறத்தாழ ஆயிரம். இது ருகோவா போட்ட திட்டம் இல்லை. ஆனால் அவர் அரசியல் இந்தத் தரையில்தான் நின்றது.

ஜூலை 2 அன்று பூட்டிய சட்டசபைக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று 114 அல்பேனிய உறுப்பினர்கள், கொசோவோ யூகோஸ்லாவியாவுக்குள் மற்றவற்றுக்குச் சமமான குடியரசு என்று பிரகடனம் வாசித்தார்கள். 1991 செப்டம்பர் கடைசியில் விடுதலைக்கு வாக்கெடுப்பு: 87 சதவீதம் பேர் கலந்துகொண்டார்கள், அதில் ஏறத்தாழ அத்தனை பேரும் ‘ஆம்’. அங்கீகரித்த ஒரே நாடு அல்பேனியா.

பிறகு வந்ததுதான் இணை அரசு. செர்பியப் பாடத்திட்டத்தை ஏற்காத ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. தொடக்கப் பள்ளிகளில் பலவற்றில் நடுவே சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். உயர்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகமும் ஒட்டுமொத்தமாக வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நிலவறை, கார் கொட்டகை, பெஞ்சுக்குப் பதில் பலகை, முறை வைத்து வகுப்பு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள். சான்றிதழில் ‘கொசோவோ குடியரசு’ என்று முத்திரை. செர்பிய அரசுக்கு அது வெறும் காகிதம். மருத்துவத்துக்கு, வேலையிழந்த டாக்டர்களை வைத்து அன்னை தெரசா சங்கம் 90க்கும் மேற்பட்ட மருந்தகங்களை நடத்தியது. பணம்? வெளிநாட்டில் உழைத்தவர்கள் வருமானத்தில் 3 சதவீதம் கொடுத்தார்கள். ஜெர்மனியிலிருந்த புயார் புகோஷியின் நாடு கடந்த அரசு அதை வசூலித்தது. ஆசிரியர் சம்பளம் இதிலிருந்துதான், அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வராது.

உட்கார்ந்திருந்தவர்கள் செய்கிற வேலையா இது?

அதே நேரத்தில் குரோஷியாவும் பொஸ்னியாவும் எரிந்துகொண்டிருந்தன. கொசோவோவின் ஊர்க்காவல் ஆயுதக் கிடங்குகளை செர்பியத் தலைநகர் பெல்கிரேட் ஏற்கெனவே காலி செய்திருந்தது. 1992இல் கிளர்ந்திருந்தால் எதை வைத்து? அந்த வருடங்களில் கொசோவோ இன்னொரு பொஸ்னியா ஆகாமல் இருந்ததில் ருகோவாவுக்குப் பெரிய பங்கு உண்டு. நடக்காமல் போன படுகொலைக்கு யாரும் சிலை வைப்பதில்லை, அதனால் உங்கள் கணக்கிலும் அது வரவில்லை.

இனி உங்கள் பக்கத்து நியாயம். சறுக்கினார், நன்றாகவே சறுக்கினார்.

இணை அரசு பெல்கிரேடுக்கு வலிக்கவே இல்லை. கொசோவோக்காரர்கள் செர்பியாவுக்கும் வரி கட்டினார்கள், தங்கள் பள்ளிக்கும் கட்டினார்கள். பள்ளிச் செலவு மிச்சம், தெருவில் தொந்தரவு இல்லை. பொஸ்னியாவில் கவனம் வைத்திருந்த செர்பிய அதிபர் மிலோசெவிச்சுக்கு இதைவிட என்ன வேண்டும்? காந்தி உப்பை எடுத்தபோது அது பிரிட்டிஷ் கஜானாவையும் சட்டத்தையும் நேராகக் குத்தியது. ருகோவாவிடம் அப்படியொரு உப்பு இல்லை. 1992 மே மாதம் வீடுகளில் ஓட்டுப்பெட்டி வைத்து ஒரு நாடாளுமன்றத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஜூனில் அது கூட வந்தபோது போலீஸ் தடுத்தது. தடுத்ததும் விட்டுவிட்டார். ஒவ்வொரு மாதமும் கூட முயன்று, ஒவ்வொரு மாதமும் கைதாகியிருக்கலாமே! அந்த நாடாளுமன்றம் பெயரளவிலேயே நின்றுபோயிற்று.

இன்னொன்று, செர்பியத் தேர்தல் புறக்கணிப்பு. கொள்கையாகப் பார்த்தால் சரி. ஆனால் 1992 டிசம்பரில் மிலோசெவிச்சை எதிர்த்து அப்போதைய யூகோஸ்லாவியப் பிரதமர் மிலான் பானிச் நின்றபோதும் அல்பேனியர்கள் அசையவில்லை. விளைவு, கொசோவோவிலிருந்து செர்பிய நாடாளுமன்றத்துக்குப் போனவர்களில் ஒருவர் துணைப்படைத் தலைவன் அர்கான்!

மூன்றாவது, மேற்குலகம் கைகொடுக்கும் என்ற காத்திருப்பு. 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டனில் பொஸ்னியாவுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். கொசோவோ அதில் பொருளாகவே இல்லை. ஒழுங்காக இருந்தால் வெகுமதி உண்டு என்று நம்பிய ஜனங்களுக்கு, துப்பாக்கி பிடித்தவனுக்குத்தான் நாற்காலி என்று அன்று புரிந்தது. 1996 செப்டம்பரில் பள்ளிக் கட்டடங்களைத் திருப்பித் தர மிலோசெவிச்சோடு ருகோவா ஓர் ஒப்பந்தம் போட்டார்; அது காகிதத்தைவிட்டு இறங்கவில்லை. பொறுமையிழந்த பல்கலைக்கழக மாணவர்கள், அல்பின் கூர்த்தி உள்ளிட்டவர்கள் முன்னே நிற்க, 1997 அக்டோபர் 1 அன்று கட்டடங்களைக் கேட்டு ஊர்வலம் போனார்கள். கையில் ஒரு கல்கூட இல்லை. தள்ளிப் போடச் சொன்னவர் யார் தெரியுமா? ருகோவா! மாணவர்கள் கேட்கவில்லை, தடியடி வாங்கினார்கள், உலகச் செய்தியானார்கள். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு இதுதான். அகிம்சையில் மிச்சமிருந்த கூர் அந்தப் பிள்ளைகளிடம்தான் இருந்தது.

அதே 1997இல் அல்பேனியாவில் மோசடி நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, கலவரத்தில் ராணுவக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. கலாஷ்னிகோவ் மலிவாக எல்லை தாண்டியது. நவம்பர் 28 அன்று கொசோவோ விடுதலைப் படை முகமூடியோடு முதல்முறை மக்கள் முன் வந்தது. 1998 மார்ச்சில் பிரெகாஸ் கிராமத்தில் அந்தப் படையின் தளபதி ஆதெம் யஷாரியின் குடும்பத்தை செர்பியப் போலீஸ் அழித்ததும் வெளிநாட்டுப் பணம் ‘தாயகம் அழைக்கிறது’ என்ற போர் நிதிக்குத் திரும்பியது. ருகோவாவுக்கும் புகோஷிக்குமே அதற்குள் சண்டை.

‘இரண்டே வருடம்’ என்கிறீர்களே, அதன் விலைச்சீட்டையும் படியுங்கள்: 13,000க்கும் மேற்பட்ட உயிர்கள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள், நேட்டோவின் 78 நாள் குண்டுவீச்சு. விமானங்களை நீக்கிவிட்டு அந்தப் படை மட்டும் செர்பிய ராணுவத்தை வெளியேற்றியிருக்கும் என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். அந்த நாட்களில் ருகோவா கொசோவோ தலைநகர் பிரிஷ்டினாவில் வீட்டுக் காவலில் இருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் மிலோசெவிச்சோடு அவர் உட்கார்ந்திருப்பதை செர்பியத் தொலைக்காட்சி காட்டியது. துரோகி என்றார்கள். அவர் கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகையாளர் குறைவு.

சாட்சி சொல்ல வேண்டியவர்கள் கொசோவோக்காரர்கள். போர் முடிந்து பதினாறு மாதம் கழித்து, 2000 அக்டோபரில், உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். துப்பாக்கி எடுத்தவர்களில் முக்கியமானவரான ஹாஷிம் தாச்சியின் கட்சிக்கு 27 சதவீதம், ருகோவாவின் கட்சிக்கு 58. 2002இல் அதிபரானார், 2006 ஜனவரி 21 அன்று நுரையீரல் புற்றுநோயில் இறக்கும்வரை அதிபர். விடுதலைப் பிரகடனம் வந்தது 2008 பிப்ரவரி 17இல், அவர் பார்க்கவில்லை. தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்த 58ஐ எங்கே வைப்பது என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.