சும்மா வேடிக்கைக்குச் சொல்லும் ஸ்டீரியோடைப்பால் யாருக்கு என்ன பாதிப்பு?

ஸ்டீரியோடைப் என்றால் என்ன, வேடிக்கைக்குச் சொல்வதால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

பொருள் சுலபம். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த பக்கத்தை அப்படியே உலோகத் தகடாக வார்த்துவிடுவார்கள். அப்புறம் எத்தனை ஆயிரம் தாள் அடித்தாலும் அதே பக்கம்தான். அந்தத் தகடுதான் ஸ்டீரியோடைப். மனிதர்களைப் பற்றி மனதில் வார்த்து வைத்திருக்கும் தகட்டுக்கு அந்தப் பெயரை 1922இல் வைத்தவர் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர்.

எங்களுக்கென்று வார்த்த தகடு 'தோட்டக்காட்டான்'. நான் இலங்கை மலையகத்தைச் சேர்ந்தவள், தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவள். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தேன். கொழும்பில் வங்கி வேலை கிடைத்து, வெள்ளவத்தையில் ஒரு மாடி அறைக்குப் போனபோது யாழ்ப்பாணத்து வீட்டுக்கார அன்ரி "எவிடம் பிள்ளை?" என்று கேட்டார். "கண்டி" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் தானாக வந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

ஒரு நாள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அன்ரி தேநீரைக் கொடுத்துக்கொண்டே "கண்டியில எந்தப் பக்கம்?" என்றார். அம்மா கொஞ்சமும் தயங்காமல் "டிக்கோயாங்க, தோட்டம்" என்றார். கோப்பையைப் பிடித்திருந்த விரல்களை அப்போதுதான் அன்ரி பார்த்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். பெருவிரல் வெடிப்புகளுக்குள் கறுப்பாகக் கறை இறங்கியிருக்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அடுத்த கேள்வி வந்தது: "அப்ப உங்கட பக்கத்தில வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை பிடிச்சுத் தருவீங்களோ?"

அதில் ஏளனம் இல்லை. முற்றத்தில் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார். அம்மா "கேட்டுப் பார்க்கிறேங்க" என்றார். நான் வாய் திறக்கவில்லை. கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்: "என்னத்துக்குக் கண்டின்னு சொன்ன?" அதன்பிறகு யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்தாரைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். உயர்தரத்துக்கு எனக்கு இரசாயனம் சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், ஒரு சதம் வாங்கவில்லை. அந்த அன்ரியும் நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தவர்தான். நல்லவர்களிடமும் அந்தத் தகடு இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

தொட்டதற்கெல்லாம் புண்படுகிறோம் என்பவர்களுக்கும் ஒன்று. 'இவர்கள் வந்து போகிற கூலிகள்' என்ற பேச்சு வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1948இல் எங்கள் தாத்தா பாட்டிகளின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். மறுவருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து எங்கள் ஆட்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். பாட்டியின் அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது அந்தக் கணக்கில்தான். எஞ்சிய நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது வரும். என் முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த நான்காம் நாள் பக்கத்து லயத்துப் பையன் கையில் வந்தது. உறையில் இருந்த தபால் முத்திரைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆபீசில் போய்க் கேட்டேன். "தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன அவசரக் கடிதம்?" என்றார் அங்கிருந்தவர்.

அம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். அவருக்கு நான் அனுப்பும் கடிதம் இன்றும் அந்த ஆபீஸ் வழியாகத்தான் போகிறது.