கோட்டாவில் வந்தவள்

அன்புள்ள அக்கா,

நான் பொகவந்தலாவைப் பக்கம். கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா கொழுந்து எடுக்கிறார். எங்கள் தோட்ட லயத்து வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கெம்பஸ் போனவள் என் தங்கச்சி. விஞ்ஞான பீடம், போய் மூன்று மாதம். விரிவுரை எல்லாம் ஆங்கிலம், ஒன்றும் விளங்கவில்லை என்கிறாள். “நீ கோட்டாவில் வந்தவள்தானே” என்று கூடப் படிக்கும் பிள்ளை சொன்னதிலிருந்து, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று அழுகிறாள். என்ன சொல்வது?

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் கோட்டா, அதாவது மாவட்ட ஒதுக்கீட்டுப் பேச்சு. விஞ்ஞான பீடத்துக்கு அகில இலங்கைத் திறமை வரிசையில் எடுப்பது 40 சதவீதம்தான். 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிகிறது; கொழும்புக்கும் அதில் பங்கு உண்டு. மீதி 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. உங்கள் நுவரெலியா மாவட்டமும் அதில் ஒன்று. அப்படிச் சொன்ன பிள்ளையே மாவட்டக் கணக்கில் வந்தவளாக இருக்கலாம். பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைக்காத தோட்டப்புறத்திலிருந்து அதே உயர்தரப் பரீட்சை எழுதி வந்தவள் உங்கள் தங்கச்சி. இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

நான் கெம்பஸுக்குத் தெரிவான கடிதம் தோட்ட ஆபிசில் எட்டு நாள் கிடந்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை கொடுத்ததை அம்மா இடுப்பில் கட்டும் படங்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போய், அந்தியில் நனைந்த உறையோடு நீட்டினார். பதிவுக்கு ஒரு நாள்தான் மிச்சம். எந்தப் பத்திரத்தை எங்கே கொடுப்பது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. போன இடத்திலும் முதல் மாதம் வாய் திறக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு சீனியர் அக்காவின் கொப்பி. நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். அமுக்கம், பிரஷர். சமநிலை, ஈக்விலிபிரியம். அட, இதைத்தானே ஹட்டன் டியூஷனில் படித்தோம் என்று அன்றைக்கு அழுதேவிட்டேன். தங்கச்சிக்கும் பாடம் தெரியும், பெயர்கள்தான் புதிது. தினமும் பத்துச் சொல் எழுதட்டும். அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தனிப் பிரிவு இருக்கும், மாணவர் ஆலோசகர் இருப்பார். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அவர்களை வைத்திருப்பதே இவளைப் போன்றவர்களுக்குத்தான்.

அப்புறம், மகாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாளா என்று கேளுங்கள். பணம் கைக்கு வரச் சில மாதம் ஆகலாம். அதுவரை நீங்கள் கொஞ்சம் அனுப்பத்தான் வேண்டியிருக்கும், தம்பி.

விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் மஸ்கெலியாப் பிள்ளை ஒருத்தி தன் பழைய கொப்பிகளைத் தருகிறேன் என்கிறாள். தங்கச்சி என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாள் என்று மட்டும் உடனே எழுதுங்கள்.