அறுபதுக்கு அப்புறம் ஊழியமா?

கேள்வி: எனக்கு 52 வயது. அரசு அலுவலகத்தில் வேலை. காலை முதல் மாலை வரை கோப்புகள். போதாக்குறைக்கு மனுவோடு வருகிறவர்களின் தொல்லை. வாழ்நாள் வீணாகப் போகிறதே என்று மனது அடித்துக்கொள்கிறது. 60-ல் ஓய்வு பெற்றதும் கர்த்தருடைய முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஜெபித்து வருகிறேன். பைபிளில் மோசேயும் 80 வயதில்தானே ஊழியத்தை ஆரம்பித்தார்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், நாசரேத்

பதில்: உங்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 90-ஆம் சங்கீதத்தின்படி ஆயுசு 70, பெலமிருந்தால் 80. ஆக, கர்த்தருக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது பத்து வருஷம், பெலமிருந்தால் இருபது; அதிலும் சர்க்கரை, மூட்டுவலி, பேரப்பிள்ளைகள் போக மிச்சம். லூக்கா சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் வருகிற ஐசுவரியவானும் இப்படித்தான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டான். அன்று ராத்திரியே ஆள் போய்விட்டான். அவன் நினைத்தது புசித்துக் குடித்து இளைப்பாற, நீங்கள் நினைப்பது ஊழியம் செய்ய. வித்தியாசம் இருக்கிறது, சரி. ஆனால் கைக்கு வராத வருஷங்களைச் செலவுக்கு எழுதிவைத்ததில் இருவரும் ஒன்றுதான்.

அந்தச் சங்கீதத்தை நாம் அதிகம் கேட்பது அடக்க ஆராதனையில். நாட்களை எண்ணியிருக்க வேண்டியவர் அப்போது பெட்டிக்குள் படுத்திருப்பார். புதுவருஷ ராத்திரி ஆளுக்கொரு வசனமாகக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில், மாலையில் உலர்ந்துபோகிற அந்தச் சங்கீதத்தின் 'காலையிலே முளைக்கிற புல்' யாருக்காவது வந்து நான் பார்த்ததில்லை. அச்சடிக்கிறவர்கள் உஷாரானவர்கள்! 'எங்கள் நாட்களை எண்ணும் அறிவை' என்றுதான் அந்தச் சங்கீதத்தில் ஜெபம் இருக்கிறது. நீங்கள் எண்ணுவது வருஷங்களை.

மோசேயை நீங்கள் சாட்சிக்கு அழைத்திருக்கவே வேண்டாம். 80 வயதில் எகிப்தின் ராஜாவான பார்வோன்முன் நின்றார், உண்மை. அதற்கு முந்தைய 40 வருஷம் மீதியான் தேசத்தில் இருந்தார். மாமனாரின் ஆடுகளை மேய்த்தார். முட்செடி எரிவதை அவர் கண்டதும், அதிலிருந்து கர்த்தர் அவரை அழைத்ததும் ஆடு மேய்க்கப் போன இடத்தில்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'தொல்லை' என்ற அந்த ஒரு சொல். 1890-களில் ஒரு ராத்திரி திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணின் வீட்டுக் கதவை மூன்று பேர் தட்டினார்கள், ஒருவர் பின் ஒருவராக. மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர், அவரை அனுப்பட்டுமா என்றால், ஆண் வைத்தியர் கூடாது என்று திரும்பிப் போனார்கள். அந்தப் பெண்ணோ வைத்தியம் படித்தவளும் இல்லை, இந்தியாவில் தங்க நினைத்தவளும் இல்லை. சுகமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அமெரிக்காவுக்குத் திரும்புகிற எண்ணத்தில் இருந்தாள். விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள். ஐடா அமெரிக்கா போனார், டாக்டராகி 1900-ல் வேலூருக்கு வந்தார். ஒரே படுக்கையோடு அவர் ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. நடுராத்திரியில் கதவைத் தட்டியவர்களைத் தொல்லை என்று தள்ளிவிட்டு அவர் தூங்கியிருக்கலாம்.

உங்கள் மேஜைக்கும் அப்படித்தான் வருகிறார்கள். விதவை உதவித்தொகைக்கு மூன்றாம் தடவையாக வருகிற பாட்டி, கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் நான்காக மடித்த ரேஷன் கார்டு நகல். 'சார் இல்லை, நாளைக்கு வாங்க' என்று சொன்னால் அவருக்குப் போகவர பஸ் செலவு, ஒரு நாள் கூலி. இதை ஊழியம் என்று உங்கள் சபையில் யாரும் அறிக்கை வாசிக்க மாட்டார்கள், ஸ்தோத்திரக் காணிக்கையும் எடுக்க மாட்டார்கள். அதனால்தான் இது உங்கள் கண்ணில் படவில்லையோ என்னவோ.

ஓய்வுக்குப் பிறகு ஊழியத்துக்குப் போங்கள், தடுக்கவில்லை. அதற்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது, கர்த்தருக்குச் சித்தமானால். திங்கட்கிழமை முதலில் வருகிறவரை உட்காரச் சொல்லி மனுவை வாங்குங்கள். எந்தத் தாள் குறைகிறது என்று ஒரே தடவையில் எழுதிக் கொடுங்கள், பாட்டிக்கு எழுத்து தெரியாவிட்டால் வாய்விட்டு வாசித்தும் காட்டுங்கள்.