பொம்மைப் புத்தகம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 49 வயது. விருதுநகரில் கணக்கராக இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படிப்பவன். சென்ற மாதம் புதுவீட்டுக்குக் குடிபோனோம். அலமாரியில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்த என் மைத்துனர், உறவினர்கள் நிறைந்த கூடத்தில், "அத்தான் இன்னும் பொம்மைப் புத்தகம்தான் படிக்கிறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகளும் சிரித்தாள். "இதைப் படித்துத்தான் நாவல்களுக்கே வந்தேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் வந்தாச்சே, இன்னும் எதுக்கு இது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். நான் செய்தது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மைத்துனரின் கேள்வி நியாயமானதுதான். நீங்கள் சொன்ன காரணம்தான் உங்களை மாட்டிவிட்டது. காமிக்ஸில் தொடங்கித்தான் பெரிய புத்தகங்களுக்கு வந்தோம் என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அப்படிச் சொன்னதுமே காமிக்ஸ் ஏணியாகிவிடுகிறது. மாடிக்குப் போய்ச் சேர்ந்தவனுக்கு ஏணி எதற்கு என்றுதானே அடுத்து கேட்பார்கள்?

எழுத்து மட்டும் போதாத சின்னப் பிள்ளைகளுக்குத் துணையாகப் படம் போடுகிறார்கள் என்பது படிக்காதவர்களின் கணிப்பு. இரும்புக்கை மாயாவியை நினைத்துப் பாருங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் அவரை வைத்துத்தான் தொடங்கியது. பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் வந்த கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் தெரியும். ஒரு படக் கட்டத்தில் கை மின்கம்பியைத் தொடுகிறது. அடுத்த கட்டத்தில் ஒரு காவலாளியின் முகம், அவன் கழுத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் அந்தக் கை. அவ்வளவுதான் ஓவியர் வரைந்தது. ஆனால் மாயாவி அங்கே குனிந்து நிற்கிறாரா, சுவரோடு ஒட்டி நிற்கிறாரா, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தது. மணிக்கட்டு வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்து மீதி ஆளை நாமே வரைந்துகொண்டோம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் அவர் நடந்த தூரத்தையும் நாம்தான் நடந்தோம். இதை வாசிப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? 49 வயதில் நீங்கள் இதைச் செய்யும்போது பத்து வயதில் பார்க்காததையும் பார்ப்பீர்கள். ஓவியர் எந்த இடத்தில் நிழலை அப்பினார், எங்கே ஒரு கோட்டோடு விட்டுவிட்டார் என்பது எனக்கே நாற்பதுக்கு மேல்தான் கண்ணில் பட்டது.

ஏழாம் வகுப்பில் என் கணக்கு ஆசிரியர் பாடப்புத்தகத்துக்குள் இருந்த காமிக்ஸை எடுத்து, வகுப்பின் முன்னால் இரண்டாகக் கிழித்தார். அது வாடகை நூலகத்துப் புத்தகம். என் அண்ணன் ராத்திரி சோற்றுப் பருக்கையை நசுக்கி, பக்கம் பக்கமாக ஒட்டிக் கொடுத்தான். ஒட்டுப்போட்ட கோடு எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் ஓடியது. ஒரு பக்கத்தில் மாயாவியின் விரல்களுக்குக் குறுக்கே போனது. நூலகக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தார். ஒரு வருஷம் கழித்து அதே புத்தகத்தை மறுபடி வாடகைக்கு எடுத்தேன். ஒட்டு விடவில்லை.

அந்த ஆசிரியர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. பையன் கெட்டுப்போவான் என்று உண்மையாகவே பயந்தார். காமிக்ஸுக்கு விழுந்த மிகப் பெரிய அடியும் அப்படியொரு நல்ல மனிதர் கையிலிருந்துதான் வந்தது. நியூயார்க்கின் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம். 1946-இல் அந்நகரின் ஹார்லெம் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், வேறெங்கும் மருத்துவம் கிடைக்காத கறுப்பின மக்களுக்காகக் கிளினிக் தொடங்கியவர். பள்ளிகளில் இனப் பிரிவினைக்கு எதிரான வழக்கில் அவருடைய சாட்சியமும் உண்டு. அதே மனிதர் 1954-இல், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று புத்தகம் எழுதினார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை எழுதிக்கொண்டார்கள். பல நிறுவனங்கள் மூடப்பட்டன.

அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவருடைய கோப்புகளை ஆய்வாளர்கள் பார்க்க முடிந்தது. கரோல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியர் அவற்றை உட்கார்ந்து படித்து, 2012-இல் வெளியிட்டார். வெர்தம் பிள்ளைகள் சொன்னதை மாற்றியிருந்தார், வயதைத் திருத்தியிருந்தார், பலர் சொன்னதை ஒருவர் சொன்னதுபோல் சேர்த்திருந்தார். தன்னிடம் வந்த பிள்ளைகள் மேல் அவ்வளவு அக்கறை கொண்டவர், அவர்கள் படித்ததைப் பற்றி அவர்களே சொன்னதை அப்படியே எழுதவில்லை. எனக்கு இது இன்றும் தாங்க முடியாத விஷயம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மைத்துனரை விடுங்கள். அவருக்கு இனி நீங்கள் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். பிடித்திருக்கிறது, படிக்கிறேன் என்றால் போதும். மகள் சிரித்ததுதான் உங்களை வருத்தியிருக்கிறது, அது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அவள் அந்தப் புத்தகங்களைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டாள், கூடம் சிரித்தது, அவளும் சிரித்தாள். அப்புறம் நீங்கள் அவற்றைப் பரணில் ஏற்றியதையும் அவள் பார்த்திருப்பாள். ஒளித்து வைக்க வேண்டிய பொருள் என்று நீங்களே அவளுக்குச் சொன்னது போலாகிவிட்டது. நீங்கள் செய்ததில் சரியில்லாதது அது ஒன்றுதான்.

பரணில் இருப்பது இன்னொரு வகையிலும் ஆபத்து. பழைய புத்தகங்கள் மலிவான தாளில் அச்சானவை. உங்கள் ஊர் வெயிலுக்குப் பரண் சூட்டில் தாள் பழுத்து, ஓரம் நொறுங்கத் தொடங்கிவிடும். அட்டைப்பெட்டிக்குள் ராமபாணப் பூச்சி சேர்ந்தால் அட்டைப் படங்களைத்தான் முதலில் சுரண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம். பெட்டியைப் பிடித்துக்கொள்ள மகளைக் கூப்பிடுங்கள். அவள் எதையாவது புரட்டினால் விளக்கம் சொல்லப் போகாதீர்கள், புரட்டட்டும்.